பிள்ளைகள் ஓடியாட எதற்குச் செலவிடுவது? தினசரி ஓட்டம், ஆடுகளம், சிலம்பம், உடற்பயிற்சிக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு தொகை தர முன்வருகிறார்கள். அல்லது ஊராட்சி ஒரு வேலையை எடுத்துச் செய்யத் தயாராக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், உடம்பை அசைக்க ஏதாவது வழி செய்யவேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எதைச் செய்வது என்னும்போதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவர் கபடிக் களம் என்பார். இன்னொருவர் டவுன் பூங்காவில் பார்த்த உடற்பயிற்சிக் கருவிகள் என்பார். சிலம்ப ஆசானை அழைத்து வரலாம் என்பார் மற்றொருவர். செலவே இல்லாமல் தினமும் எல்லாரையும் ஓடவிடலாமே என்று ஓர் ஆசிரியை சொல்வார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இந்த நான்கையும், இவற்றோடு வைத்துப் பார்க்கவேண்டிய இன்னும் இரண்டையும் இங்கே எடைபோடுகிறோம். கணக்கில் கொண்டிருப்பது தமிழ்நாட்டுக் கிராமம் அல்லது சிற்றூரின் ஒரு நடுநிலை, உயர்நிலைப் பள்ளியை: 200 முதல் 400 பிள்ளைகள், சுமார் ஓர் ஏக்கர் இடம், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், அல்லது வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர் ஒருவர்.

எதைக் கொண்டு அளப்பது

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்கவேண்டும். வாரத்தில் 3 நாளாவது அது எலும்புக்கும் தசைக்கும் வலு சேர்ப்பதாக இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85 சதவீதம்.

மூச்சு வாங்கும் அளவு என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அசைந்துகொண்டிருக்கும் பிள்ளையால் பேச முடியும், பாட முடியாது என்றால் போதுமான வேகம். பாட்டும் வருகிறது என்றால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்குமேல் பேசவே திணறினால் அது கடுமையான உழைப்பு.

ஆகவே நாங்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அணியில் இடம் கிடைக்காத பிள்ளை ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் மூச்சு வாங்க அசைகிறது? கோப்பைகளை எண்ணினால் கணக்கு தப்பும். மாவட்டப் போட்டியில் வென்ற பள்ளியில் 12 பேர் நன்றாக ஆடியிருப்பார்கள். மீதி 300 பேர் கைதட்டியிருப்பார்கள். அந்த 12 பேரும் எப்படியும் ஓடுகிறவர்கள்தான். ஊர்ப் பணத்தைச் செலவிடுவது அந்த 300 பேருக்காக.

பி.டி. பீரியடின் உண்மைக் கணக்கு

புதிதாக எதையும் தொடங்குமுன் இருப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. வாரத்துக்கு 2 பீரியட், ஒன்று 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பிலிருந்து இறங்கி வரிசைகட்டி, முடிந்து திரும்பிப் போக 10 நிமிடம் போகும். மிச்சம் வாரத்துக்கு 60 நிமிடம். 40 பேர் உள்ள வகுப்பில் ஒரு பந்தும் ஒரு வலையும் இருந்தால், வாலிபாலில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது 12 பேர். எல்லாருக்கும் முறை வந்தால்கூடத் தலைக்கு 18 நிமிடம். அதிலும் பந்து வெளியே போய் யாரோ எடுத்து வரும் நேரம் அடக்கம். நடைமுறையில் அந்த 12 பேர் எப்போதும் அதே 12 பேர்தான்.

கோ கோ விளையாட்டைப் பாருங்கள். துரத்தும் அணியில் 9 பேர். அவர்களில் 8 பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துரத்துவார். ஓடும் அணியிலிருந்து 3 பேர் இறங்குவார்கள். முழு விதிப்படி ஆடினால் ஒரு நேரத்தில் ஓடுவது 4 பேர். போட்டிக்கு அது அருமையான ஆட்டம்தான். ஆனால் 40 பேர் வகுப்புக்கு அப்படியே வைத்தால் பிள்ளைகள் ஓடும் நேரத்தைவிடக் குந்தியிருக்கும் நேரமே அதிகம்.

அவுட் ஆனால் வெளியேறவேண்டிய ஆட்டங்களில் இன்னொரு தீங்கு உண்டு. மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். அதற்குத்தான் அதிக ஓட்டம் தேவை, அதுதான் அதிக நேரம் ஓரத்தில் உட்காரும். இதை மாற்ற ஒரே ஒரு விதி போதும்: அவுட் ஆனவர் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டுத் திரும்ப ஆட்டத்தில் சேரலாம்.

இந்தப் பீரியடைச் சீர்செய்வது ஒரு தனி வழி. எங்கள் பார்வையில் செலவுக்கு நல்ல பலன் தருவது இது. வகுப்பை 8 பேர் வீதம் 5 குழுவாகப் பிரித்து, மைதானத்தில் 5 இடம் குறித்துவிடவேண்டும். ஓரிடத்தில் கயிறு தாண்டுதல். அடுத்ததில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு இங்கும் அங்கும் ஓட்டம். மூன்றாவதில் இருவர் இருவராகப் பந்து எறிந்து பிடித்தல். நான்காவதில் நொண்டியும் பாண்டியும். ஐந்தாவதில் கை ஊன்றித் தண்டால், தவளைத் தாவல். ஒவ்வோரிடத்திலும் 5 நிமிடம், விசில் ஊதினால் அரை நிமிடத்தில் அடுத்த இடம். மொத்தம் 25 நிமிடத்துக்கு மேல் வேலை. அதில் பாதி நேரம் அசைந்தாலும் வாரத்துக்கு 25 நிமிடம், அதுவும் வகுப்பிலுள்ள எல்லாருக்கும்.

வாலிபால்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் வலைக்குப் பதில் கயிறு கட்டலாம். 30 மீட்டர் நைலான் கயிறு, 6 மீட்டருக்கு ஒரு மூங்கில், மொத்தம் 6 மூங்கில். 6 மீட்டர் அகலத்தில் 5 சின்னக் களங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு 4 பேர் என்றால் 40 பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம். பந்து 5 போதும். உயரம் 6, 7-ஆம் வகுப்புக்கு 1.8 முதல் 2 மீட்டர். கயிறு கண்ணுக்குத் தெரிவதற்காகத் துணிப்பட்டைகளைத் தொங்கவிடவேண்டும். இல்லையென்றால் கயிறு தொய்ந்தபோது ஓடிவரும் பிள்ளையின் கழுத்தில் படும். கடைசி மூங்கில்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக முளையடித்து இழுத்துக் கட்டாவிட்டால் பத்தே நிமிடத்தில் கயிறு தொய்ந்துவிடும்.

கிளித்தட்டையும் மறந்துவிடவேண்டாம். கோட்டில் நிற்பவரும் ஓடுகிறார், தாண்டப் பார்ப்பவரும் ஓடுகிறார். சும்மா நிற்பவர் யாருமில்லை. பொருட்செலவு ஒரு பை கோலமாவு.

இந்த வழி எங்கே சறுக்கும்? பொருள் போதாமையில். 8 பேருக்கு 2 கயிறு கொடுத்தால் மீண்டும் வரிசைதான். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், உயர் தொடக்கப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அந்தப் பணத்தில் கேரம் போர்டும் கிரிக்கெட் பேட்டும் வாங்குவதைவிட 40 தாண்டுகயிறும் 20 ரப்பர் பந்தும் வாங்குவது மேல். கயிற்றின் நீளம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்: கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு கைப்பிடியும் அக்குள் வரை வரவேண்டும். மூன்று நீளங்களில் வாங்கி, கைப்பிடியில் வண்ணம் பூசிப் பிரித்துவைத்தால் குழப்பமில்லை. 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பொருட்கள் தரப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊராட்சி அலுவலக அறையில் அந்தப் பெட்டி பூட்டிக் கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னொரு சறுக்கல் எல்லாரும் அறிந்தது. தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். வகுப்புவாரியான எந்த ஏற்பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் அடுத்த வழி முக்கியமாகிறது.

தினமும் 15 நிமிடம்

2012-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரிலுள்ள புனித நினியன்ஸ் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை எலேன் வைலி தொடங்கியது 'டெய்லி மைல்'. பிள்ளைகள் உடை மாற்றுவதில்லை, போட்டியில்லை, பொருளில்லை. தினமும் 15 நிமிடம் ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம், தோழியோடு பேசிக்கொண்டே போகலாம். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் போய்விடுவார்கள்.

ஸ்டிர்லிங், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஓடிய பள்ளியின் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் அசைவு நாளுக்குச் சுமார் 9 நிமிடம் கூடியிருந்தது, ஓட்டத்திறனும் மேம்பட்டிருந்தது. இரண்டே பள்ளிகளின் ஒப்பீடு என்பதால் அந்த எண்களை அளவாகவே நம்பவேண்டும். பர்மிங்காமில் 40 தொடக்கப் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில் உடல் எடைக் குறியீட்டில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் தெரியவில்லை. எனவே 'பிள்ளைகள் இளைத்துவிடுவார்கள்' என்று பெற்றோரிடம் சொல்லித் தொடங்கவேண்டாம். மூச்சுத்திறன் கூடும், தினமும் அசையும் பழக்கம் வரும் என்று சொன்னால் போதும், அது உண்மை.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவரும்போது நான்கு விஷயங்களை நாமே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

முதலாவது பாதை. 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத்தின் ஓரத்தைச் சுற்றினால் 200 மீட்டர். 8 சுற்று 1.6 கிலோமீட்டர். பாதையின் அகலம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்துவிடவேண்டும். சதுர மூலையில்தான் பிள்ளைகள் மோதி விழுவார்கள். 400 பேரை ஒரே நேரத்தில் விட்டால் நெரிசலில் யாருமே ஓடமுடியாது, கூட்டமாக நடப்பார்கள். ஒரு வேளைக்கு 100 பேர் போதும். இருவர் இருவராகப் போனாலும் ஜோடிக்கு 4 மீட்டர் இடம் கிடைக்கும். பெரிய பிள்ளைகளையும் சின்னவர்களையும் கலக்கவேண்டாம்.

இரண்டாவது காலடி. பல பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள், அல்லது பட்டைச் செருப்போடு. செருப்போடு ஓடுவதுதான் ஆபத்து. வார் அறுந்து முகங்குப்புற விழுவது அடிக்கடி நடக்கும். வெறுங்கால் நல்லதுதான், பாதை சுத்தமாக இருந்தால். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் மழைக்குப் பிறகு இரண்டே வாரத்தில் வந்துவிடும். உடைந்த பாட்டில் துண்டு இன்னும் மோசம். முந்தின நாள் மாலை ஒருவர் பாதையை நடந்து பார்த்துப் பெருக்கவேண்டும் என்பதை ஒருவருடைய பொறுப்பாகவே எழுதிவைக்கவேண்டும். எல்லாருடைய பொறுப்பு என்றால் அது யாருடையதும் இல்லை.

மூன்றாவது வயிறு. காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே ஓடவைக்கலாம் என்று தோன்றும். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. சாப்பிட்டதும் ஓடினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 6-ஆம் வகுப்பிலிருந்து அந்தச் சாப்பாடு இல்லை. ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்கள் அந்த வகுப்புகளில்தான் அதிகம், பெண்பிள்ளைகளில் இரத்தசோகை உள்ளவர்களும் அங்கேதான். ஓட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளையைப் பார்த்துப் பயந்து திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். பெரிய வகுப்புகளுக்கு மாலை கடைசி பீரியடுக்கு முந்தின 15 நிமிடமே சரியான நேரம். அல்லது காலையில் ஒரு பிடி கடலை மிட்டாயோ சுண்டலோ கொடுத்து, பிறகு ஓடவிடவேண்டும்.

நான்காவது வெயில். மார்ச் முதல் ஜூன் வரை காலை 9.30-க்குள் அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு மட்டும். தொண்டி, நாகை போன்ற கடலோர ஊர்களில் வெப்பமானி காட்டும் அளவைவிட உடம்பில் சூடு அதிகம் ஏறும், வியர்வை காயாததால். ஓடி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், குடம் மைதானத்திலேயே இருக்கவேண்டும். தலைசுற்றல், வாந்தி, வியர்த்துச் சில்லிட்ட தோல் தெரிந்தால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவேண்டும். தோல் கொதித்துப் பேச்சும் குழறினால் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்கவேண்டும், காத்திருக்கக்கூடாது.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளைத் தொடங்குமுன் ஒரு தாளில் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பட்டியலைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். அவர்களை உட்காரவைப்பது நோக்கமல்ல, பெரும்பாலானவர்கள் நடக்கலாம்.

செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாரத்துக்கு 75 நிமிடம், பள்ளியிலுள்ள எல்லாருக்கும். ஆசிரியர்களும் கூட நடந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகும் நடக்கும். ஆசிரியர்கள் நிழலில் நின்று விசில் ஊதினால் மூன்றாவது மாதமே சலித்துவிடும். இதன் குறையும் அதுதான். சலிப்பு. அதைத் தாங்க வெள்ளிக்கிழமை மட்டும் திசையை மாற்றி ஓடலாம், பறை அல்லது பாட்டு வைக்கலாம், வகுப்பின் மொத்தச் சுற்றுகளைக் கூட்டி 'இந்த வாரம் நம் வகுப்பு திருச்சி வரை போய்விட்டது' என்று சுவர் வரைபடத்தில் குறிக்கலாம். யார் முதல் என்று மட்டும் எழுதவேண்டாம். எழுதிய அன்றே கடைசியாக வரும் பிள்ளைக்கு வயிற்றுவலி தொடங்கும்.

கபடிக் களம்

ஊர் மனசுக்கு நெருக்கமானது இதுதான், அதில் தவறுமில்லை. ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8. பள்ளிக்கு இரண்டாவதே போதும். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 16க்கு 12, அதாவது 192 சதுர மீட்டர். 10 செ.மீ. கனத்துக்கு மண் போட்டால் 19 கனமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லாரிக்காரர் கணக்கில் ஏறக்குறைய 7 யூனிட்; இறுக்கியபின் அமுங்குவதற்காக 2 யூனிட் கூட்டிச் சொல்லவேண்டும்.

வேலையின் வரிசை இதுதான். தரையை 15 செ.மீ. ஆழம் கொத்திக் கல்லையும் வேரையும் பொறுக்கவேண்டும். சலித்த செம்மண்ணை மணலும் மரத்தூளும் கலந்து பரப்பவேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுக்கவேண்டும். தண்ணீர் தெளித்து ஓரிரவு விட்டு, உருளை உருட்டவேண்டும். களிமண் மிகுந்த வண்டலைப் போட்டால் காய்ந்ததும் பாறையாகி முட்டியைப் பெயர்க்கும். வெறும் மணலைப் போட்டால் கால் பிடிக்காமல் கணுக்கால் திரும்பும். கோடு போட நீற்றாத சுண்ணாம்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். விழுந்து புரளும் ஆட்டம். ஈரத்தோடு சேர்ந்தால் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். கோலமாவு போதும்.

ஆடுபவர் 14 பேர் என்பது இதன் வரம்பு. 400 பேருக்கு ஒரு களம் என்றால், அதை நம்பி மட்டும் இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் சில நிமிடம்தான் கிடைக்கும். எடைப்படி பிரிக்காமல் ஆடவிட்டால் ஒல்லிப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் விலகிவிடுவார்கள். 5 கிலோ வித்தியாசத்துக்குள் குழு அமைக்கவேண்டும். பராமரிப்பு மாதத்துக்கு ஒரு நாள்: கொத்து, தெளி, உருட்டு. இதற்கு ஆள் இல்லையென்றால் அடுத்த ஐப்பசி மழையில் களம் புல்தரையாகிவிடும்.

ஆனாலும் கபடிக் களத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அது நிமிடக் கணக்கில் வராது. மாலையில் ஊர் இளைஞர்களைப் பள்ளிக்குள் கொண்டுவருவது அதுதான்.

சிலம்பம்

அளவுகோலை வைத்துப் பார்த்தால் வியப்பூட்டும் வழி இது. கம்பு கையிலிருக்கும் ஒவ்வொருவரும் அசைகிறார்கள். முறைக்காகக் காத்திருப்பது இல்லை, அவுட் இல்லை. தோளும் மணிக்கட்டும் காலடியும் ஒருங்கே வேலை செய்கின்றன. 8-ஆம் வகுப்புக்குமேல் மைதானத்தைவிட்டு ஒதுங்கிவிடும் பெண்பிள்ளைகள் சிலம்பத்துக்கு வருகிறார்கள், வீட்டிலும் மறுப்பு குறைவு.

கம்பின் உயரம் பிள்ளையின் புருவம் வரை. பிரம்பு நல்லது, மூங்கில் வெடித்துச் சிராய் எழும், வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து, வெடித்ததை ஒதுக்கிவிடவேண்டும். ஆளுக்கு 3 மீட்டர் இடைவெளி என்று வரிசைக்கு 8 பேர், 5 வரிசை நிறுத்தினால் 24க்கு 15 மீட்டர் இடம் போதும். இடைவெளியைக் கோலமாவால் புள்ளி வைத்துக் காட்டவேண்டும். இல்லையென்றால் சுற்றும்போதே ஒருவரையொருவர் நெருங்கிவிடுவார்கள், முதல் காயம் அப்போதுதான்.

சிக்கல் பணத்தின் தன்மையில் இருக்கிறது. ஆசானுக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டும். நன்கொடை ஒருமுறை வருகிறது. தொகை தீர்ந்ததும் வகுப்பு நின்றுவிடும், கம்புகள் மூலையில் கிடக்கும். தொடங்குமுன்னரே இரண்டு ஆண்டுச் சம்பளத்தை வங்கியில் ஒதுக்கிவிடுங்கள். அதோடு, 9-ஆம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளையாவது பாடம் சொல்லித்தரும் அளவுக்குப் பயிற்றுவிக்க ஆசானிடம் ஒப்புதல் வாங்குங்கள். பெற்றோரிடம் தனிக் கட்டணம் வாங்கும் ஏற்பாடாக மட்டும் இது மாறக்கூடாது; கட்டமுடியாத பிள்ளைதான் முதலில் விலகும்.

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள்

வண்ணம் பூசிய பத்துக் கருவிகள், ஒரு பெயர்ப்பலகை, திறப்பு விழா. பணம் தருபவர்களுக்கு இது பிடிக்கிறது, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் பள்ளி வளாகத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

காரணம் எளியது. இந்தக் கருவிகளுக்கான இஎன் 16630 என்ற ஐரோப்பியத் தரநிலையே 140 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நின்றபடி கால்களை முன்னும் பின்னும் வீசும் ஏர் வாக்கரில் 4-ஆம் வகுப்புப் பிள்ளை ஏறினால் அது ஊஞ்சலாகிவிடும்; ஆடும் கால்தட்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தாடையில் அடிக்கும். கருவிக்கு ஒருவர், சிலவற்றில் இருவர் என்று மொத்தம் 12 பேருக்குமேல் ஒரு நேரத்தில் பயன்படுத்த முடியாது. இடுப்பைத் திருப்பும் ட்விஸ்டரிலும் கையால் சுழற்றும் சக்கரத்திலும் எவ்வளவு நேரம் சுற்றினாலும் மூச்சு வாங்காது. பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றலாம்.

வைத்தே ஆகவேண்டும் என்றால் ஊர்ப் பூங்காவில், பெரியவர்களுக்காக வைக்கலாம். கான்கிரீட் அடித்தளம் தரைமட்டத்திலிருந்து 5 செ.மீ. உயரமாக, வெளிப்பக்கம் சரிந்திருக்கவேண்டும். தண்ணீர் தேங்கும் அடித்தட்டுதான் முதலில் துருப்பிடித்து அறும். கடலோர ஊரில் வெறும் பெயிண்ட் நிற்காது, துத்தநாகத்தில் முக்கி எடுத்த குழாய் கேட்கவேண்டும். பேரிங்கும் மூடித் தொப்பிகளும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவுதானா என்று வாங்குமுன்னே பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை கிரீஸ், மாதம் ஒருமுறை நட்டு முறுக்குதல். இதை ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுக்கு எழுதி வாங்கவில்லையென்றால் கிறீச்சிடும் கருவிகள்தான் மிஞ்சும். அதே பணத்தில் இரண்டு தரமான தொங்குகம்பிகளும் (ஒன்று 1.6 மீட்டர், இன்னொன்று 2.1 மீட்டர் உயரம், அடியில் 30 செ.மீ. மணல்) ஒரு சுற்றுப்பாதையும் அமைத்தால் பலன் பெரிது.

மாலையில் மைதானத்தைத் திறப்பது

5 மணிக்குப் பள்ளிக் கதவு பூட்டப்படுகிறது. ஊரிலேயே பெரிய சமதளம் அதற்குள் கிடக்கிறது. வெளியே சாலையோரத்தில் பெண்கள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது நல்ல காரியம்; ஆனால் தினமும் நடக்க, வீட்டிலிருந்து 5 நிமிடத்தில் சேரக்கூடிய 200 மீட்டர் சுற்று வேண்டும். பிள்ளைகளுக்காக அமைத்த அதே பாதை அதற்குப் போதும்.

யாருக்காகத் திறக்கிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளவேண்டும். நாற்று நடுபவரும் சித்தாள் வேலைக்குப் போகிறவரும் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற பெரியவர்களுக்கான அளவை இரண்டே நாளில் தாண்டிவிடுகிறார்கள். அவர்களை நடக்கச் சொல்வது நியாயமில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவர், தையல்காரர், ஓட்டுநர், ஓய்வுபெற்றவர், சர்க்கரை நோய் உள்ளவர் ஆகியோருக்குத்தான் இது.

பயம் நியாயமானது: குப்பை, பாட்டில், சண்டை, கிரிக்கெட் பந்தில் உடையும் ஓடு. அதனால் வாய்ப்பேச்சில் தொடங்காமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் பதியவைக்கவேண்டும். சாவி ஒருவரிடம், மாற்றுச் சாவி தலைமையாசிரியரிடம். வகுப்பறைப் பக்கம் கயிறு கட்டித் தடுக்கவேண்டும். கழிப்பறை ஒன்றும் குழாய் ஒன்றும் திறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் பெண்கள் வரமாட்டார்கள்.

நேரத்தைப் பிரிக்காவிட்டால் மைதானம் முழுவதும் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களுடையதாகிவிடும். 5 முதல் 6 வரை பெண்பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும், கூட ஒரு பெண் பொறுப்பாளர்; அந்த நேரத்தில் கிரிக்கெட் கிடையாது. 6 முதல் 7.30 வரை கபடி, வாலிபால், நடை. பூப்பந்தும் வளையப்பந்தும் சிறிய இடத்தில் ஆடக்கூடியவை. பெண்பிள்ளைகள் நேரத்துக்கு நன்றாகப் பொருந்தும். பொறுப்பாளருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். இலவசமாகச் செய்பவர் நல்லவராகவே இருந்தாலும் கல்யாண சீசனில் வரமுடியாமல் போகும்.

எதை முதலில்

உடற்கல்வி ஆசிரியரே இல்லாத பள்ளியில் 15 நிமிட ஓட்டமும் தாண்டுகயிறும் மட்டும் இந்த ஆண்டு போதும். இரண்டுக்கும் சிறப்புப் பயிற்சி வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் இருக்கவேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது; அந்த இடம் காலியாக இருந்தால் கேட்டு மனு கொடுங்கள்.

ஆசிரியர் இருந்து இடமும் இருந்தால் ஓட்டத்தோடு பீரியடைச் சீர்செய்வது, மூன்று மாதம் கழித்து மாலைத் திறப்பு, அதன்பின் கபடிக் களம் என்ற வரிசையை நாங்கள் சொல்வோம். களத்தை முதலில் அமைத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றால், பணம் தீர்ந்து களம் மட்டும் நிற்கும். இடம் குறைந்த டவுன் பள்ளியில் ஓட்டப்பாதைக்கு வழியில்லை. அங்கே சிலம்பமும் தாண்டுகயிறும் முன்னுக்கு வரும், மாடிமுற்றம்கூடப் போதும், கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால்.

பெரிய தொகை தருபவர் கட்டாயம் ஏதாவது கட்டவேண்டும் என்று நின்றால், பாதையைச் சமப்படுத்துவது, குடிநீர், பெண்கள் கழிப்பறை, நான்கு மூலையிலும் விளக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். பெயர்ப்பலகையை அவற்றிலும் வைக்கலாம்.

தொடங்கிய மூன்றாவது மாதத்தில் ஒரு எண்ணிக்கை எடுங்கள். ஒரு பீரியடில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 5 முறை, வகுப்புத் தலைவர் மைதானத்தைப் பார்த்து நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், அசைபவர் என்று பிரித்து எண்ணி எழுதட்டும். பெண்பிள்ளைகளைத் தனிப் பத்தியில் எழுதவேண்டும். 40 பேரில் சராசரியாக 20 பேருக்குக் கீழே அசைந்தால் பொருளைக் கூட்டுங்கள் அல்லது குழுவைச் சிறிதாக்குங்கள். பெண்பிள்ளைகள் பத்தி மட்டும் குறைந்திருந்தால் முதலில் கழிப்பறையையும், துப்பட்டாவைப் பின் குத்தவோ விளையாட்டு உடை அணியவோ அனுமதி இருக்கிறதா என்பதையும், அந்த நேரத்தில் மைதானத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஆட்டத்தை மாற்றுவது அதற்கப்புறம்.